யாரைக் கண்டு பயம்

மனிதர்கள் பொய் சொல்வார்கள் என்பதில் ரத்தினசபாபதிக்குச் சந்தேகமே கிடையாது. எண்கள் பொய் சொல்லாது என்பதிலும் கிடையாது. முதல் பாடத்தை அவருக்குச் சொந்தக்காரர்கள் கற்றுக்கொடுத்தார்கள். இரண்டாவதை அவரே கற்றுக்கொண்டு, நாட்டுக்கும் கற்றுக்கொடுத்து, அதற்காகச் சென்னையில் மாலையும் கேடயமும் வாங்கியிருந்தார்.

கோவை விமான நிலையத்திலிருந்து திருப்பூருக்குப் போகும் சமூக நலத் துறையின் வெள்ளை வண்டியில், மடியில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு அவர் பார்த்துக்கொண்டிருந்ததும் ஓர் எண்ணைத்தான். இருபத்து நான்கு.

அது மயிலாத்தாள் என்கிற நாற்பத்து நான்கு வயதுப் பெண்ணின் பயம். அவள் மணிக்கட்டில் ஒரு பட்டை இருந்தது. நாடித்துடிப்பு, வியர்வை, மூச்சு எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, ஒருவருக்கு எவ்வளவு பயம் என்று பூஜ்யத்திலிருந்து நூறு வரை சொல்லும் பட்டை. ஆவணங்களில் அதற்கு அச்சமானி என்று பெயர். தன் கஷ்டத்தை வாய்விட்டுச் சொல்ல முடியாத பெரியவர்களுக்காக ரத்தினசபாபதி எட்டு வருஷத்துக்கு முன் செய்த கருவி அது. புரிந்துகொள்ள நேரம் எடுப்பவர்கள், பக்கவாதத்தில் பேச்சு போனவர்கள், படுக்கையோடு கிடப்பவர்கள் என்று லட்சம் பேர் கையில் இன்று அது இருந்தது. கணக்கில் எடுக்கும் மூன்று வருகைகளிலும் எண் அறுபதைத் தாண்டினால், வீட்டில் யாரோ கொடுமை செய்கிறார்கள் என்று அர்த்தம். அன்று மாலையே வெள்ளை வண்டி வந்து அவரை அரவணைப்பு இல்லத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விடும். இதுவரை பதினோராயிரத்து நானூறு பேர் அப்படி மீட்கப்பட்டிருந்தார்கள்.

மயிலாத்தாளும் புரிந்துகொள்ள நேரம் எடுப்பவள்தான். அவளுக்கு முந்தைய அதிகாரி எடுத்த இரண்டு எண்கள் எண்பத்தொன்று, எண்பத்து மூன்று. கூட இருப்பது தம்பி சென்னியப்பன், சாயப்பட்டறைத் தொழிலாளி. முழங்கையில் கன்றிப்போன காயம். பகலில் வெளியே பூட்டு. ரத்தினசபாபதியைக் கேட்டால், இந்தக் கோப்பை ஒரு குழந்தைகூடப் படித்துத் தீர்ப்புச் சொல்லிவிடும். ஆனால் இந்தக் கோப்பின் பொறுப்பைப் புதிதாக எடுத்த சமூகப் பணியாளர் கோகிலவாணி, மூன்றாவது எண்ணை எடுக்காமல் ஒரு மாதமாக இழுத்தடித்தாள். கணக்கில் வராத முன்வருகைகளாகப் போய்க்கொண்டே இருந்தாள். இன்றும் காலையிலேயே அங்கே போய்விட்டிருந்தாள். எண்ணோ ஐம்பத்திரண்டு, முப்பத்தேழு, இன்றைக்கு இருபத்து நான்கு என்று மாவட்ட ஆட்சியர் வந்தால் குழாயில் வரும் தண்ணீர் மாதிரி அவள் நினைத்தபடியெல்லாம் நடந்துகொண்டிருந்தது.

மாநிலம் முழுக்க எண்கள் வருகைக்கு வருகை ஏறும். இவளுடைய நூற்று நாற்பது பேருக்கு மட்டும் இறங்கும். இரண்டு வருஷத்தில் இவள் இடம் மாற்றியது ஒரே ஓர் ஆளை. ஒன்று, பட்டையில் ஏதோ கைவைக்கிறாள், இல்லாவிட்டால் தூங்குகிறாள். எதுவென்று கண்டுபிடித்து, இன்றைய மூன்றாவது வருகையை நேரில் நின்று எடுக்கத்தான் ரத்தினசபாபதி புறப்பட்டு வந்திருந்தார்.

காலையில் அவளிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. ‘சார், வண்டி தெருவுக்குள் வர வேண்டாம். பள்ளிக்கூட முனையில் இறங்கிக்கொண்டால் ஐந்து நிமிட நடைதான். உங்கள் பெயர் சொல்லி, பதினொரு மணிக்கு வருவீர்கள் என்று மயிலாத்தாளிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.’

ஐந்து நிமிடத்தில் எதை ஒளிக்கப்போகிறாளாம்? ரத்தினசபாபதி சிரித்துக்கொண்டார். வெயில் வேறு கொளுத்தியது, முழங்கால் வேறு பேச்சுக் கேட்பதில்லை. “நேரா வீட்டு வாசலுக்கே விடுப்பா” என்றார் ஓட்டுநரிடம்.

வண்டி தெருவுக்குள் திரும்பியது. டேப்லெட்டில் எண் முப்பத்தொன்று ஆனது. பிறகு ஐம்பது. பிறகு கண்ணை மூடித் திறப்பதற்குள் எண்பத்தெட்டு.

“பார்த்தியா” என்றார் அவர் உற்சாகமாக, யாரிடம் என்றில்லாமல். தான் வந்ததும் உண்மை வெளியே வந்துவிட்டதில் அவருக்கு அப்படியொரு திருப்தி.

*

அது ஒரு லைன் வீடு. ஒரே கூரைக்குக் கீழ் வரிசையாக ஆறு வீடுகள். மூன்றாவது வீட்டு வாசலில் கோகிலவாணி நின்றிருந்தாள். முப்பத்தாறு வயது, பருத்திப் புடவை, தோளில் துணிப்பை. தெருவில் ஒரு ஆள் இல்லை. இரண்டு வீட்டுக் கதவுகள் அவர் கண்முன்னாலேயே சாத்திக்கொண்டன.

“வாங்க சார். முதல்ல வண்டிய அனுப்பிருங்க. மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்.”

குரலில் கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. மூத்த அதிகாரியிடம் இப்படிப் பேசுகிறவர்களை ரத்தினசபாபதி அதிகம் பார்த்ததில்லை. ஏனென்று கேட்காமலே ஓட்டுநருக்குக் கையைக் காட்டினார். வண்டி பின்னால் போனது.

உள்ளே தரை முழுக்க வெள்ளை பனியன்கள் குவிந்து கிடந்தன. தையல் முடிந்த பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டுவதற்குப் பிசிறு வெட்டுதல் என்று பெயர். மயிலாத்தாளுக்கு அதுதான் வேலை, இருபது வருஷமாக. வெட்டியவை ஒரு பக்கம், வெட்டாதவை ஒரு பக்கம், நடுவில் ஒரு கத்தரி. ஆளைக் காணோம்.

“எங்கம்மா அவங்க?”

கோகிலவாணி இரும்புக் கட்டிலைக் கண்ணால் காட்டினாள். அதன் அடியிலிருந்து ஒரு பாதம் தெரிந்தது. நல்ல உடம்பு வாகுள்ள பெண் அந்தச் சின்ன இடைவெளியில் எப்படி நுழைந்தாள் என்பதே ஆச்சரியம். ரத்தினசபாபதி குனிந்து பார்க்கப் போனார்.

“வேண்டாங்க சார். அவங்களாப் பாக்கறவரைக்கும் நாம எட்டிப் பாக்கக் கூடாது.” அவள் கட்டிலிலிருந்து நாலடி தள்ளித் தரையில் உட்கார்ந்தாள். “மயிலக்கா, நான் கோகிலா. இங்கதான் உக்காந்திருக்கறேன். உங்கள வெளிய வரச் சொல்லல. வண்டி போயிருச்சு. பள்ளிக்கூடத்துக்கிட்ட நிக்குது. சார் ஒருத்தர் வந்திருக்காரு, காலைல சொன்னேனில்லீங்க, அவருதான்.”

வண்டி எங்கே நிற்கிறது என்பதுவரை சொல்கிறாளே என்று ரத்தினசபாபதிக்குத் தோன்றியது. ஊரைவிட்டே போய்விட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பெண் சட்டென்று வெளியே வந்துவிடுவாள். அதையே கோகிலவாணியிடம் கேட்டார்.

“இன்னைக்கு வந்துருவாங்க சார். நாளைக்கு நான் சொல்றத நம்ப மாட்டாங்க.”

கையில் டேப்லெட் அதிர்ந்தது. மூன்றாவது எண் பதிவாகிவிட்டது. எண்பத்தெட்டு. மாற்று உத்தரவு தானாகவே தயாராகி, மாலை நாலு மணி என்று நேரமும் குறித்துவிட்டது. கீழே ஒரு வரி: அச்சத்துக்குக் காரணமானவர், சென்னியப்பன், தம்பி.

“தம்பி எங்கே?” என்றார், வீட்டைச் சுற்றிப் பார்த்து.

“பட்டறைல சார். காலைல ஆறு மணிக்குப் போனாரு.”

ரத்தினசபாபதி அந்த வரியை இன்னொரு தடவை படித்தார். வீட்டிலேயே இல்லாத ஒருவனைக் கண்டு ஒரு பெண் கட்டிலுக்கடியில் ஒளிந்திருப்பதாக அவருடைய கருவி சொல்லிக்கொண்டிருந்தது.

*

கட்டில் மூலையில் பாதம் மெல்ல அசைந்தது. எண் எழுபது, அறுபத்து மூன்று என்று இறங்கத் தொடங்கியது. அவர்கள் வாசல்படியில் போய் உட்கார்ந்தார்கள். உள்ளே இருப்பவளுக்குத் தங்கள் முதுகு தெரிகிற மாதிரி கோகிலவாணி இடம் பார்த்து உட்கார்ந்தாள்.

“ஒண்ணு கேக்கலாங்களா சார்? இந்தப் பட்டை எப்பெல்லாம் முழிச்சிருக்கும்?”

“அதிகாரியோட அட்டை பக்கத்துல வந்தா மட்டும்தான்.” ரத்தினசபாபதி கழுத்தில் தொங்கிய தன் அட்டையைத் தொட்டுக்காட்டினார். “மத்த நேரம் ஒண்ணும் பதிவாகாது. ஒரு மனுஷனோட பயத்தை ராத்திரி பகலா வேவு பார்க்கக் கூடாதுன்னு, சட்டத்துல அதை நான்தான் சண்டை போட்டுச் சேர்த்தேன்.”

“நல்ல சட்டங்க. அதுல எனக்குக் குறையே இல்ல. ஆனா அப்படின்னா, நாம இல்லாதப்போ அவங்க பயப்படறாங்களான்னு நமக்குத் தெரியாதுங்களே. நாம வந்திருக்கறப்போ பயப்படறாங்கன்னுதான தெரியும்?”

ரத்தினசபாபதி வாயைத் திறந்தார். பதில் ஒன்று தயாராக இருந்தது. மாநாடுகளில் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில். “அதுக்குத்தான் வீட்டுல யார் இருந்தாங்கன்னு சேர்த்துப் பார்க்கறோம். தம்பி இருக்கும்போதுதான் ரெண்டு எண்ணும் ஏறியிருக்கு.”

“நம்ம ஆளுக எப்பவுமே சாயங்காலம் ஏழு மணிக்குத்தான் வருவாங்க சார். படிவத்துல பொறுப்பாளர் கையெழுத்து வேணும். அவரு வேலை முடிஞ்சு வந்தாத்தான கையெழுத்து? அதனால நாம எப்ப வந்தாலும் தம்பியும் இருப்பாரு. அவரு இல்லாத நேரமாப் பாத்து இன்னைக்குத்தான் மூணாவதா ஒரு எண்ணு எடுத்திருக்கறோம்.”

துறையின் கையெழுத்துப் பழக்கத்தைத் தன் கணக்கு ஒரு கொடுமைக்காரனாக மாற்றியிருப்பது அவருக்கு இப்போதுதான் உறைத்தது. உறைத்ததும் கோபம் வந்தது. நியாயமான ஆட்களுக்கும் முதலில் வருவது அதுதான்.

“காயம் இருக்கேம்மா! வெளியே பூட்டறானே! அதுவும் பொய்யா?”

“பொய்யில்லீங்க. நானும் மொதல்ல அவரு மேலதான் சந்தேகப்பட்டேன். தம்பி இல்லாதப்போ வந்து மயிலக்காகிட்டத் தனியாக் கேட்டேன். கேட்டதும் சொல்லல. நாலு நாள் பிசிறு வெட்டக் கத்துக்கிட்டுக் கூட உக்காந்திருந்தேன். அஞ்சாவது நாள் அவங்களே கையக் காட்டுனாங்க. அந்தக் கட்டிலோட இரும்புச் சட்டத்துல இடிச்ச காயம். பக்கத்து வீட்டு துளசிமணியக் கூட்டிட்டுப் போக வண்டி வந்த அன்னைக்கு அடியில பூந்திருக்காங்க. அவங்க சொன்னா மட்டும் போதாதுன்னு நர்ஸம்மாவக் கூட்டியாந்து காயத்தையும் சட்டத்தையும் சேத்துப் பாக்கச் சொன்னேன். எழுதிக் குடுத்திருக்காங்க. கோப்புல பதினேழாவது பக்கம்.”

ரத்தினசபாபதி பதினேழாவது பக்கத்தைப் படித்ததில்லை. எண் இருக்கும்போது பக்கம் எதற்கு?

“பூட்டறது தப்புங்க சார். பெரிய தப்பு. சென்னியப்பன்கிட்ட முகத்துக்கு நேராவே சொல்லிப்போட்டேன். ஆனா அதுக்கு முன்னாடி, ஏன் பூட்டறீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டேன். அதக் கேக்கறதுக்கு நம்ம படிவத்துல எடமே இல்ல. ‘நான் இல்லாதப்ப வண்டி வந்து அக்காவக் கூட்டீட்டுப் போயிருமுங்க’ன்னு அழுதாரு. ரெண்டு வாரமா பூட்டு இல்ல. சாவி மயிலக்கா இடுப்புல. கடைக்கு அவங்களே போறாங்க. மொத நாள் ரோட்டைத் தாண்டற வரைக்கும் தூரமா நின்னு பாத்தேன். என்னைவிட நல்லாத் தாண்டறாங்க.”

“நீங்க மாத்தின அந்த ஒரே ஆள்?”

“அவரு எண்ணு ஒம்பதுங்க சார். சொந்தக்காரங்க பட்டினி போட்டு, பயப்படறதுக்குக்கூடத் தெம்பில்லாம ஆக்கி வெச்சிருந்தாங்க. ஒம்பதுதான இருக்குது, நல்லாத்தான இருக்காருன்னு ஆபீஸ்ல ஒத்துக்கவே இல்ல. போலீஸோட போய்த்தான் தூக்கியாந்தேன்.”

இவள் தூங்குகிறவள் இல்லை என்பது ரத்தினசபாபதிக்கு இதற்குள் நன்றாகவே தெரிந்துவிட்டது. பட்டையிலும் கைவைக்கவில்லை. சொன்ன நாளில் வருகிறாள், பஸ்ஸில் வருகிறாள், உள்ளே வரலாமா என்று கேட்டு நிற்கிறாள். அதனால்தான் எண் இறங்கியிருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க விமானம் ஏறி வந்திருக்க வேண்டியதில்லை.

ஒரு தெருவில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனதும் அக்கம்பக்கத்து எண்களெல்லாம் ஏறுவதை அவர்தான் முதலில் கவனித்தார். ஒருவர் மீண்டதும் மற்றவர்களுடைய மறைந்த துயரமும் வெளிப்படுகிறது என்று கட்டுரை எழுதினார். மாலையும் கேடயமும் வந்தது அதற்குத்தான். இப்போது சாத்திக் கிடக்கும் அந்த இரண்டு கதவுகளைப் பார்த்தபோது, அந்த எண்களெல்லாம் எதைக் கண்டு ஏறின என்று அவருக்குப் புரிந்தது.

“ஆனா இல்லங்கள்ல எண் குறையுதே!” கடைசிக் கொம்பைப் பிடித்துக்கொள்கிறவராகச் சொன்னார். “அங்க போன ஒரு மாசத்துக்குள்ள எல்லாருக்கும் பத்து, பன்னெண்டுன்னு ஆகிடுதே. நிம்மதியா இருக்காங்கன்னுதானே அர்த்தம்?”

கோகிலவாணி அவர் பக்கம் திரும்பினாள். அவர் மனதைக் கஷ்டப்படுத்தப் போவதற்காக வருந்துகிற மாதிரிதான் சொன்னாள்.

“அதுக்கு மேல எதுக்குங்க சார் பயப்படணும்? அதுதான் கூட்டீட்டுப் போயாச்சே.”

*

ஒரு மணிக்குச் சென்னியப்பன் சாப்பாட்டுக்கு வந்தான். கை இரண்டும் முழங்கைவரை நீலம். பள்ளிக்கூட முனையில் வண்டியைப் பார்த்துவிட்டு ஓட்டமாக வந்திருந்தான்.

“யாருங்க நீங்க? எங்கக்காளத் தொட்டுருவீங்களா? தொடுங்க பாக்கலாம்!” என்று அவன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுத் தகரமே அதிர்ந்தது. முரட்டுக் குரல், முரட்டுக் கை. கோப்பில் இருப்பவன் அப்படியே நேரில் வந்து நிற்பதுபோல இருந்தது. பழக்க தோஷத்தில் ரத்தினசபாபதி டேப்லெட்டைப் பார்த்தார்.

நாற்பத்தெட்டு. அவன் கத்தக் கத்த நாற்பது. முப்பத்து மூன்று.

கட்டிலுக்கடியிலிருந்து மயிலாத்தாள் ஊர்ந்து வெளியே வந்தாள். தலையில் ஒட்டடை, கையில் வெட்டாத பனியன் ஒன்று. தம்பியின் பின்னால் போய் நின்று அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். “கத்தாதடா. சோறு ஆறிருச்சு” என்றாள்.

உத்தரவை நிறுத்தும் அதிகாரம் அந்த மாநிலத்தில் மூன்றே பேருக்கு உண்டு. அதில் ஒருவர் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். நிறுத்துவதற்குக் காரணம் சொல்ல வேண்டும். திரையில் ஒன்பது காரணங்கள் வரிசையாக வந்தன: ஆள் இறந்துவிட்டார், முகவரி மாறிவிட்டது, பட்டை கழன்றுவிட்டது... கருவியே தப்பாகச் சொல்கிறது என்ற காரணம் அதில் இல்லை. பட்டியலைத் தயாரித்தவர் அவர்தான். அது அவருக்குத் தோன்றியிருக்கவே இல்லை.

கீழே வெறும் கட்டத்தில் எழுத ஆரம்பித்தார். எழுதினால் என்ன ஆகும் என்று தெரியும். ஒரு மயிலாத்தாளோடு நிற்காது. பதினோராயிரத்து நானூறு கோப்புகளையும் திறக்கச் சொல்வார்கள். எட்டு வருஷம் என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள். ஆனாலும் எழுதினார். காரணமானவர் என்ற இடத்தில் இருந்த சென்னியப்பன் பெயரை அழித்துவிட்டுத் தன் பெயரைப் போட்டார். அனுப்பப் போகையில் கோகிலவாணி தடுத்தாள்.

“மயிலக்காகிட்டப் படிச்சுக் காட்டீட்டு அனுப்புங்க சார். அவங்களப் பத்தி எழுதுனது. சரியா இருக்குதான்னு அவங்கதான சொல்லணும்?”

இது எந்த விதியிலும் இல்லை. ரத்தினசபாபதி தொண்டையைச் செருமிக்கொண்டார். பெரிய சபைகளில் கூசாதவருக்கு, பிசிறு வெட்டும் ஒரு பெண் முன்னால் கூசியது. அவள் சோற்றுத் தட்டோடு எதிரே உட்கார்ந்து அவரையே பார்த்தாள்.

“மயிலாத்தாளுக்குத் தம்பியைக் கண்டு பயம் இல்லை. வெள்ளை வண்டியைக் கண்டும், அதில் வருகிற எங்களைக் கண்டும்தான் பயம். பட்டை தவறாகச் சொல்லியிருக்கிறது. அதைச் செய்தவன் நான். அவர் தன் வீட்டில் இருக்கட்டும்.”

மயிலாத்தாள் ஒரு கவளத்தை மென்று முடித்தாள். கோகிலவாணி பக்கம் திரும்பினாள்.

“துளசிய எழுதலையா அம்மிணி?”

அடுத்த கவளத்தை உருட்டிக்கொண்டே அவளே தொடர்ந்தாள்.

“அவளும் வண்டியப் பாத்துத்தான் பயந்தா. பழிய அவ மக மேல போட்டுட்டாங்க. துளசி எப்ப வருவா?”

துளசிமணிக்காகக் கோகிலவாணி நாலு மனு எழுதியிருந்தாள். எண் பன்னிரண்டு, நிம்மதியாக இருக்கிறார் என்று நாலுக்கும் ஒரே பதில் வந்திருந்தது. பதிலின் அடியில் ரத்தினசபாபதியின் கையெழுத்து. அவருக்கு வெட்கமாக இருந்தது. அதை மறைக்கவும் முயலவில்லை. துளசிமணியின் மறுபரிசீலனையையும் அங்கேயே சேர்த்து எழுதி, அதையும் படித்துக் காட்டிவிட்டு, இரண்டையும் அனுப்பினார்.

“நான் இப்பவே போய்க் கேட்கறேன்” என்றார். “அவங்க வரேன்னு சொன்னா இன்னைக்கே கூட்டிட்டு வந்துடலாம்.”

“நானும் வாரேன்” என்றாள் மயிலாத்தாள்.

சென்னியப்பன் தட்டை வைத்துவிட்டு எழுந்தேவிட்டான். “அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம். அந்தப் பக்கமே தலை வெச்சுப் படுக்காத.” ரத்தினசபாபதிக்கும் அதுதான் சரியென்று பட்டது. இவ்வளவு பயந்தவளை எதற்கு அலைக்கழிக்க வேண்டும்? சொல்ல வாயெடுத்தார். கோகிலவாணி இரண்டு பேரையும் ஒரு பார்வையில் உட்கார வைத்துவிட்டு, மயிலாத்தாளுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சபாஷும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

“எங்க போறோம்க்கா?”

“துளசி இருக்கற எடத்துக்கு. காங்கயம் போற வழியில.”

“எதுல போறோம்?”

மயிலாத்தாளின் கை நின்றது. “வண்டியில.”

“பஸ்ஸும் இருக்குதுங்க. நாம ரெண்டு பேரும் பஸ்ஸுல போலாம். சார் வண்டியில வரட்டும்.”

மயிலாத்தாள் யோசித்தாள். யோசனை நீண்டுகொண்டே போனது. ரத்தினசபாபதிக்கு உள்ளங்கை அரித்தது. இந்த மாதிரி நேரங்களில் அவருடைய ஆட்கள் முப்பது விநாடி பார்த்துவிட்டு, ‘பதில் சொல்ல இயலவில்லை’ என்று குறித்துவிடுவார்கள். அந்த முப்பது விநாடியை வைத்ததும் அவர்தான். கோகிலவாணி கையில் கடிகாரமே இல்லை. உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். மூன்று நிமிடம் ஆகியிருக்கும்.

“துளசிக்குக் காலு வராது. பஸ்ஸுப் படி ஏற மாட்டா. வண்டிதான் வேணும்.”

“அப்ப வண்டி மட்டும் போய்க் கூட்டியாரட்டும். நீங்க இங்கயே இருந்துக்கலாம். அப்படியும் செய்யலாங்க.”

“நான் இல்லாம வண்டிய மட்டும் பாத்தா அவ பயந்துக்குவா. நான் உள்ள இருந்தா ஏறுவா.”

“அவங்க வரலைன்னு சொல்லிட்டா?”

“பாத்துப்போட்டு வந்துருவேன். அவ இஷ்டம்.”

“உங்களையும் அங்கயே வெச்சுக்குவாங்கன்னு பயமா இருக்குதுங்களா?”

“இருக்குது.” மறைக்காமல் சொன்னாள். பிறகு ரத்தினசபாபதியின் கழுத்தைச் சுட்டிக்காட்டினாள். “அந்த அட்டைய எங்கிட்டக் குடுக்கச் சொல்லு அம்மிணி. திரும்பி வூட்டுக்கு வந்ததும் தாரேன்.”

கோகிலவாணி முதல் தடவையாகச் சிரித்தாள். ரத்தினசபாபதி அட்டையைக் கழற்றி இரண்டு கையாலும் கொடுத்தார். ஐம்பத்தேழு வருஷத்தில் இவ்வளவு தெளிவாக ஒரு நிபந்தனையை யாரும் அவரிடம் போட்டதில்லை. இந்தப் பெண்ணால் தன் முடிவைத் தானே எடுக்க முடியாது என்று கோப்பின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருந்தது.

வண்டி வாசலுக்கு வந்தது. டேப்லெட்டில் எண் எண்பத்தொன்பது. மயிலாத்தாள் படியருகே போனாள். தொண்ணூற்று மூன்று. படிக்கம்பியைப் பிடித்தாள், விட்டாள், மறுபடி பிடித்தாள். “எறங்கிக்கலாங்க்கா, எப்ப வேண்ணாலும்” என்றாள் கோகிலவாணி, கையைப் பிடிக்காமல். மயிலாத்தாள் தானாகக் கையை நீட்டிய பிறகுதான் பிடித்தாள்.

தொண்ணூற்றாறு. ரத்தினசபாபதி தன் வாழ்நாளில் பார்த்த மிகப் பெரிய எண் அது. அவருடைய சூத்திரப்படி அந்த எண்ணில் இருக்கும் மனித உடம்பால் முன்னால் ஓர் அடி எடுத்துவைக்க முடியாது.

மயிலாத்தாள் இரண்டு படியும் ஏறி, ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். அட்டையைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு, பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்தாள். அவர் இன்னும் தெருவிலேயே டேப்லெட்டும் கையுமாக நிற்பதைப் பார்த்து அவளுக்குப் பொறுக்கவில்லை.

“ஏனுங்க, அதையே பாத்துட்டு நிக்கறீங்க? ஏறுங்க. துளசி பாத்துட்டிருப்பா.”

ரத்தினசபாபதி டேப்லெட்டை அணைத்துவிட்டு ஏறினார்.